கூலி ஒப்பந்தத்தில் எங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்

கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறி உரிமையாளர்களுக்கும், உங்கள் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், பல்லடம் வட்டாரத்தில் தறி ஓட்டும் ஒருத்தி எழுதுவது.

எங்கள் பகுதியில் நடந்த உங்கள் சங்கக் கூட்டத்தின் முடிவைக் கேள்விப்பட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஜவுளி உற்பத்தியாளர்களோடு அடுத்துப் போடும் கூலி ஒப்பந்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று அரசிடம் மறுபடியும் மனுக் கொடுக்கப் போகிறீர்களாம். நல்ல விஷயம். அதே கூட்டத்துக்கு எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் வந்து, அந்த ஒப்பந்தத்திலேயே தறி ஓட்டுகிறவர்களுக்கு எவ்வளவு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். "அது அவங்கவங்க குடோன் விசயம், உங்க ஓனர்கிட்டப் பேசிக்குங்க" என்று அனுப்பிவிட்டீர்கள். குடோன் என்றால் இங்கே தறி ஓடும் கூடம்.

இந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒப்பந்தமெல்லாம் வேண்டாம், அவரவர் ஆளோடு நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்று உற்பத்தியாளர்கள் உங்களிடம் சொன்னபோது நீங்கள் ஒத்துக்கொண்டீர்களா? தறியை நிறுத்திவிட்டு ரோட்டுக்கு அல்லவா வந்தீர்கள்?

வெளியாட்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எங்கள் பக்கத்து ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். துணி நெய்வதில் இங்கே மூன்று படி. மேலே ஜவுளி உற்பத்தியாளர். நூல் அவருடையது, நெய்து வரும், சலவையோ சாயமோ போடாத காடா துணியும் அவருடையது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று பேசி நெய்யக் கொடுப்பார். நடுவில் நீங்கள். தறி, குடோன், கரண்டு பில், பேங்குக் கடன் எல்லாம் உங்கள் தலையில். நூல் மட்டும் உங்களுடையதில்லை. கீழே தறி ஓட்டுகிற நாங்கள். குடோனுக்குள் எங்களுடையது என்று சொல்ல மத்தியானச் சோற்றுத் தூக்குப்போசியைத் தவிர ஒன்றும் கிடையாது.

உங்கள் பக்க நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. 2014க்குப் பிறகு ஏழு வருஷம் உங்களுக்குக் கூலி உயரவில்லை. 2021 நவம்பரில் அரசு முன்னிலையில் பேசி, சோமனூர் ரகம் என்ற துணி வகைக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் என்று முடிவானது. உற்பத்தியாளர்கள் கொடுக்கவில்லை. 2022 ஜனவரியில் தறியை நிறுத்தினீர்கள். கடைசியில் 19, 15 என்று இறங்கி வந்து ஒத்துக்கொண்டீர்கள், அதையும் போகப்போகக் குறைத்துக் கொடுத்தார்கள். அதற்குள் கரண்டுக் கட்டணம் ஏறிவிட்டது, உதிரி பாகங்கள் விலை ஏறிவிட்டது. எங்கள் ஊரிலேயே தறியை எடைக்குப் போட்டுவிட்டு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஓனர்களை எனக்குத் தெரியும். ஒருத்தர் தறியைக் கழற்றி லாரியில் ஏற்றிய அன்றைக்கு அவர் வீட்டு அம்மா வெளியே வரவே இல்லை.

அதனால் 2025 மார்ச் 19ஆம் தேதி நீங்கள் மறுபடியும் தறியை நிறுத்தியபோது எங்களில் யாரும் முணுமுணுக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நின்றது. லட்சத்துக்கும் மேற்பட்ட தறிகள். கருமத்தம்பட்டி உண்ணாவிரதப் பந்தலில் எங்கள் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் கேட்டுத்தான் வந்தார்கள். மைக்கில் "இது பல லட்சம் விசைத்தறித் தொழிலாளர்களின் வாழ்வாதாரப் பிரச்சினை" என்று பேசினீர்கள். பத்திரிகையிலும் அப்படித்தான் வந்தது. ஏப்ரலில் சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், மற்றவற்றுக்கு 10 சதவீதம் என்று முடிந்தது. கையெழுத்துப் போட்ட காகிதத்தில் அந்தப் பல லட்சம் பேரைப் பற்றி என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தோம். உங்கள் கூலி இருந்தது, எங்கள் கூலி இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், கணக்கோடு.

நானும் எங்கள் வீட்டுக்காரரும் ஒரே குடோனில் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். எனக்குப் பகல், அவருக்கு இரவு. ஷிப்டுக்கு 12 மணி நேரம், ஆளுக்கு எட்டுத் தறி. வேலைநிறுத்தத்துக்கு முன்னால் எனக்கு மீட்டருக்கு 2 ரூபாய் 60 காசு. நூல் நன்றாக இருந்து, கரண்டு நிற்காமல், பாவு அறாமல் ஓடினால் 200 மீட்டர் வரும். உங்களுக்கு 10 சதவீதம் உயர்ந்தால் எனக்கு 26 காசு உயர வேண்டும் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. தறி ஓடத் தொடங்கிய இரண்டாவது சனிக்கிழமை எங்கள் ஓனர் 10 காசு ஏற்றிக் கொடுத்தார். "மீதிய அப்புறம் பார்க்கலாம், எனக்கே உற்பத்தியாளர் பழைய ரேட்டுலதான் போட்டுத் தர்றாரு" என்றார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். உண்மையா பொய்யா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு என்ன ரேட் வருகிறது என்று நாங்கள் பார்த்ததே இல்லையே. அந்த "அப்புறம்" இன்னும் வரவில்லை.

இது வரவு. செலவைச் சொல்கிறேன். தறி நின்ற காலத்தில் எங்களுக்குச் சம்பளம் இல்லை. எங்கள் ஓனர் மனசு கெட்டவரில்லை. பக்கத்து மளிகைக் கடையில் சொல்லி வைத்து, வேண்டிய சாமானை வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாரம் ஆயிரம், ஐந்நூறு என்று கையிலும் கொடுத்தார். தறி ஓடத் தொடங்கியதும் நோட்டைத் திறந்து காட்டினார். அவரிடம் ஏற்கெனவே நாங்கள் வாங்கியிருந்த 40,000 ரூபாய் முன்பணக் கடன் 49,000 ஆகியிருந்தது. நீங்கள் உற்பத்தியாளரிடம் நியாயம் கேட்டு நடத்திய போராட்டத்துக்கு நாங்கள் 9,000 ரூபாய் கடன்பட்டிருக்கிறோம். 200 மீட்டருக்கு 10 காசு வீதம் எனக்கு நாளுக்கு 20 ரூபாய் ஏறியிருக்கிறது. அந்தக் கடனை அந்த 20 ரூபாயில் அடைக்க எத்தனை ஷிப்டு ஓட்ட வேண்டும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அந்த நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீளமான, சிவப்பு அட்டை போட்ட கணக்கு நோட்டு. குடோன் வாசலில் சாமி படத்துக்குக் கீழே இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் துணியை மடித்து மீட்டர் பார்த்து அதில் எழுதுவார்கள். மீட்டர் ஒரு பக்கம், முன்பணம் ஒரு பக்கம், நடுவில் "பழுது" என்று ஒரு கட்டம். ஊடை விட்டுப்போயிருந்தால், எண்ணெய்க் கறை பட்டிருந்தால், பாவு அறுந்து கோடு விழுந்திருந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு தொகை ஏறும். சில நேரம் துணியைக் காட்டுவார்கள். பல நேரம் "உற்பத்தியாளர் பிடிச்சுட்டாரு" என்ற சொல் மட்டும்தான். எந்தத் துணி, எத்தனை மீட்டர், யார் ஷிப்டில் வந்த பழுது என்று கேட்டால் முகம் மாறிவிடும். நோட்டு ஒன்றுதான், அதுவும் உங்கள் கையெழுத்தில்தான். எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது.

உங்களுக்கு உற்பத்தியாளர் மீது இருக்கும் புகார் என்ன? ஒப்புக்கொண்ட ரேட்டைக் கொடுப்பதில்லை, பழுது என்று சொல்லி இஷ்டத்துக்குப் பிடிக்கிறார்கள், கேட்டால் பாவு கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். சோமனூர் கூட்டத்தில் ஒரு சங்கத் தலைவர் இதே வரிசையில் சொல்லிக் கேட்டேன். "பாவு" என்ற இடத்தில் "வேலை" என்று போட்டால் அப்படியே என் பேச்சு.

இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு பதில் வரும். "நாங்களும் தறி ஓட்டித்தான் மேலே வந்தோம்." உங்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான். இன்றைக்கும் ஆள் வராத அன்று நீங்களும் உங்கள் வீட்டுப் பெண்களும் தறியில் நிற்பதைப் பார்க்கிறோம். ஆனால் கிணற்றில் தண்ணீர் வற்றியபோது தோட்டத்து ஓரத்தில் நாலு தறி போட்டு ஆரம்பித்த கதையைச் சொல்லும்போது, தோட்டம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமல்லவா? அந்தப் பத்திரத்தை வைத்துத்தான் பேங்கில் கடன் கொடுத்தார்கள். எங்கள் அப்பா அதே தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தார். அவரும் உழைத்தார். அடமானம் வைக்க அவரிடம் பத்திரம் இல்லை, ஜாமீன் போட மாமன் மச்சான் இல்லை. அன்றைக்கு வேலியின் எந்தப் பக்கம் நின்றோமோ, அநேகமாக அந்தப் பக்கத்திலேயே இன்றைக்கும் நிற்கிறோம். சாதியை இங்கே எழுத வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். சரி, எழுதவில்லை. எந்தக் குடோனில் யார் ஓனர், யார் ஓனர் கொடுக்கும் லைன் வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் எழுதாமலே தெரியும்.

முன்பணம் நாங்கள் கேட்டுத்தானே வாங்குகிறோம் என்பது இரண்டாவது பதில். ஆமாம், கேட்டுத்தான் வாங்குகிறோம். பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட, ஆஸ்பத்திரிக்கு, காது குத்துக்கு, எல்லாவற்றுக்கும். வாரச் சம்பளத்தில் அதற்கு மிச்சம் பிடிக்க முடிந்தால் ஏன் கேட்கப் போகிறோம்? கடன் கொடுப்பதில் தப்பில்லை. அந்தக் கடனைக் காட்டி ஆளைப் போகவிடாமல் வைப்பதுதான் தப்பு. முன்பணம் வாங்கியவர் வேறு இடத்துக்கு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தால் அது கொத்தடிமை முறை என்று 1976ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. எங்கள் லைன் வீட்டில் ஒரு குடும்பம் பனியன் கம்பெனிக்குப் போகலாம் என்று கிளம்பியது. முன்பணத்தை மொத்தமாக எண்ணி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வீட்டையும் அன்றைக்கே காலி செய்ய வேண்டும். அவர்கள் போகவில்லை. யாரும் அடிக்கவில்லை, கட்டி வைக்கவில்லை. ஆனால் போக முடியவில்லை.

சட்டம் என்றதும் இன்னொன்று. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. அதில் ஊதியத்துக்கான சட்டம் எத்தனை பேர் வேலை செய்யும் இடமானாலும் பொருந்தும். சம்பளச் சீட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது. பழுதுக்குப் பிடிப்பதென்றால் நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது, பிடிப்பதற்கு முன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கூடவே இன்னொரு தொகுப்பில், மின்சாரத்தில் இயங்கும் தொழிற்சாலை என்பதற்கு 10 பேர் இருந்ததை 20 பேர் ஆக்கிவிட்டார்கள். மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 10 பேர் வேண்டும், பி.எஃப்.க்கு 20 பேர் வேண்டும். எங்கள் குடோனில் ஒரே கூரைக்குக் கீழே ஓனர் பெயரில் ஒன்று, அவர் சம்சாரம் பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று என மூன்று மின் இணைப்பு. காகிதத்தில் மூன்று தொழில், ஒவ்வொன்றிலும் நாலு பேர். இலவச மின்சாரத்துக்காகச் செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2023ல் 750 யூனிட்டை 1000 ஆக்கினார்கள், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அது உங்களுக்கு வந்து சேர்கிறது. வரட்டும், நிற்கிற தறியை அது கொஞ்சம் ஓட வைக்கிறது. ஆனால் அந்தப் பிரிவினையில் எங்கள் இ.எஸ்.ஐ. அட்டை காணாமல் போய்விட்டது. போன ஆடியில் பக்கத்துத் தறியிலிருந்து, ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாக் கட்டை பறந்து வந்து ஒரு பெண்ணின் கண்ணுக்கு மேலே பட்டது. தையல் போட்ட செலவு நோட்டில் முன்பணமாக ஏறியது. சர்க்கார் பணம் உள்ளே வரும்போது ஒன்று கேட்கலாமல்லவா? இதில் எங்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று?

பெரிய ஊர்க்காரர்கள் பொருளாதாரச் சீர்திருத்தம் என்று பேசும்போது டெல்லியையும் வெளிநாட்டு வரியையும் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் அது எங்கே நிற்கிறது என்று நான் பார்த்த இடம் இதுதான். ஒவ்வொருவரும் மேலே பார்த்துச் சட்டம் கேட்கிறார்கள், கீழே பார்த்து "நம்ம ஆளு, பேசிக்கலாம்" என்கிறார்கள். இப்படி இருக்கிற வரைக்கும் நீங்கள் கேட்கும் சட்டமும் வரப்போவதில்லை என்பது என் எண்ணம். உற்பத்தியாளர்கள் அமைச்சரிடம் போய், "எங்களைக் கேட்கிறார்களே, அவர்கள் ஆட்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் உங்கள் பொறுப்பாளர்கள் என்ன பதில் சொல்வார்கள்?

முடியாத காரியமாக எதையும் கேட்கவில்லை. பக்கத்தில் திருப்பூரில் பனியன் தொழிலில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். 2021ல் நாலு வருஷத்துக்கு 32 சதவீதம் என்று எழுதினார்கள்: முதல் வருஷம் 19, அப்புறம் 5, 4, 4. எல்லாக் கம்பெனியும் கொடுத்ததா என்றால் இல்லை. காண்ட்ராக்ட்காரரிடம் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவர்கள் நிறையப் பேருக்கு அது போய்ச் சேரவில்லை. ஆனாலும் கையில் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது. அந்தக் காகிதமும் சும்மா வரவில்லை, 1984ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நின்றவர்கள் அந்த ஊர்க்காரர்கள். எங்களுக்கு அவ்வளவு நாள் நிற்கத் தெம்பில்லை. நின்றால் முன்பணம்தான் ஏறும்.

வடநாட்டுப் பையன்கள் வந்துவிட்டார்கள், ஆளுக்குப் பஞ்சமில்லை என்று சில பேர் ஜாடையாகச் சொல்கிறீர்கள். வந்திருக்கிறார்கள். எங்கள் குடோனிலும் ஒடிசாப் பையன்கள் இரண்டு பேர், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்களில் ஒருத்தன் திரும்பவில்லை. பனியன் கம்பெனியில் 50 ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்களாம். அவர்களையும் இந்தக் கூலி நிறுத்தி வைக்காது.

இனி நாங்கள் கேட்பதைச் சொல்கிறேன்.

அடுத்து உற்பத்தியாளர்களோடு போடும் ஒப்பந்தத்தில், உங்களுக்கு எத்தனை சதவீதம் உயர்கிறதோ அதே சதவீதம், அதே தேதியிலிருந்து, தறி ஓட்டுகிறவர், ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிறவர், பாவு பிணைப்பவர் கூலியிலும் உயரும் என்று ஒரு வரி எழுதுங்கள். உற்பத்தியாளர் குறைத்துக் கொடுத்தால் எங்களிடம் ரேட் சீட்டைக் காட்டுங்கள். உங்களோடு சேர்ந்து நாங்களும் கேட்கிறோம். அந்தப் பேச்சுவார்த்தையில் தறி ஓட்டுகிறவர்களில் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், நாற்காலி போட்டு உட்கார வேண்டும். தொழிலாளர் துறை அதிகாரிகளும் இதைப் படித்தால், அந்த இரண்டு பேர் இல்லாமல் கூட்டத்தை ஆரம்பிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமை நோட்டில் எழுதுவதை இரண்டாக எழுதி ஒன்றை எங்கள் கையில் கொடுங்கள். மீட்டர், ரேட், பிடித்தம், முன்பண பாக்கி நாலும் அதில் இருக்க வேண்டும். பழுதுக்குப் பிடித்தால் அந்தத் துணியைக் காட்டிவிட்டுப் பிடியுங்கள். காட்ட முடியாததைப் பிடிக்காதீர்கள்.

2025 வேலைநிறுத்தத்தில் சாப்பாட்டுக்குக் கொடுத்ததை முன்பணத்திலிருந்து கழியுங்கள். முழுவதும் உங்களால் முடியாது என்றால் பாதியையாவது கழியுங்கள், மீதியைத் தவணையாகக் கட்டுகிறோம். இனிமேல் நீங்கள் தறியை நிறுத்தினால், நிறுத்தும் முன்பே எங்களுக்கு வாரப்படி எவ்வளவு, அது கடனா இல்லையா என்று சங்கம் அறிவிக்கட்டும். வேலையை விட்டுப் போகிறவர் முன்பணத்தை மாதத் தவணையில் கட்டலாம், லைன் வீட்டைக் காலி செய்ய இரண்டு மாதம் அவகாசம் உண்டு என்று உங்கள் சங்கமே ஒரு தீர்மானம் போட முடியும். அதற்கு அரசு வேண்டாம், உற்பத்தியாளர் சம்மதமும் வேண்டாம்.

ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்களை ஒன்றாகக் கணக்கெடுத்து இ.எஸ்.ஐ.யில் சேருங்கள். பத்துப் பேர் வராத குடோன்களில் இருப்பவர்களை விசைத்தறி நெசவாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய வேலைச் சான்றில் கையெழுத்தாவது போடுங்கள். கையெழுத்துப் போட்டால் பின்னால் ஏதாவது கேட்பார்களோ என்று பயந்து தட்டிக்கழிக்கிற ஓனர்களிடம் உங்கள் சங்கம் பேச வேண்டும்.

ஆயுத பூஜைக்கு முன் உங்கள் செயற்குழுவில் இதை வைத்து, எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று எழுத்தில் பதில் கொடுங்கள். தீபாவளிப் போனஸ் கணக்கு எழுதும்போது அந்தப் பதில் எங்கள் கையில் இருக்க வேண்டும். அதற்குள் வராவிட்டால், உற்பத்தியாளர்களுக்கு எதிராக நீங்கள் அடுத்துப் போடும் பந்தலுக்கு எங்கள் பெண்கள் வரமாட்டார்கள். கலெக்டர் அலுவலகத்துக்கு நாங்கள் தனி மனுவோடு போவோம்.

இப்படிக்கு,
பல்லடம் வட்டாரத்தில் தறி ஓட்டும் ஒரு பெண்